இரு கூட்டத்துக்கு நடுவே ஓர் இசைத்தட்டு

இசையைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிவிட்டு இரைச்சலைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே இவன் என்று நேயர்களில் பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவதில் தவறில்லை. இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் இசைத்தட்டை முதன்முறை கேட்டபோது நானும் அப்படித்தான் எண்ணினேன். என் தமக்கையின் மகன், கல்லூரி மாணவன், ஒரு நாள் மாலை அதை எனக்குப் போட்டுக் காட்டினான். மூன்றாம் பாட்டு முடியுமுன் "போதும், நிறுத்து" என்று சொல்லிவிட்டேன். அவன் நிறுத்தினான், ஆனால் ஒரு கேள்வியும் கேட்டான். "மாமா, இது வெறும் இரைச்சல் என்றால், இதை வாசித்தவர்களை அவர்களுடைய ரசிகர்களே ஏன் துரோகிகள் என்று ஏசினார்கள்? இரைச்சலில் துரோகம் செய்வதற்கு என்ன இருக்கிறது?"

எனக்கு விடை தெரியவில்லை. விடை தேடப் புகுந்ததன் பயனே இந்தப் பேச்சு.

அந்த இசைத்தட்டின் பெயர் 'கிராஸோவர்'. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கடந்து செல்லுதல் என்பது அச்சொல்லின் பொருள். 1987-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. இதை இசைத்த குழு டி.ஆர்.ஐ. என்னும் மூன்றெழுத்தால் அறியப்படுவது. அதன் விரிவு 'டர்ட்டி ராட்டன் இம்பெசில்ஸ்'. அழுக்குப் பிடித்த, அழுகிப்போன மூடர்கள் என்று பொருள்படும். தம்மைத் தாமே இவ்வாறு அழைத்துக்கொள்வாரும் உண்டோ என்று வியக்க வேண்டா. டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் 1982-இல் இக்குழு தோன்றிய நாளில், பாடகர் கர்ட் பிரெக்ட், அவருடைய உடன்பிறந்தாரும் டிரம் வாசிப்பவருமான எரிக் பிரெக்ட் ஆகிய இருவரின் இல்லத்திலேயே பயிற்சி நடந்து வந்தது. அந்த ஓசையைப் பொறுக்கமாட்டாத தந்தையார் பிள்ளைகளை வைத வசையே குழுவின் பெயராயிற்று. வசையைக் கேட்டுத் தலை குனியாமல் அதையே எடுத்துச் சூடிக்கொண்டார்களே, அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. பாட்டுப் பிடிப்பதற்கு முன்பே பாடினவர்களைப் பிடித்துப்போயிற்று என்று சொல்லலாம்.

இனி, துரோகம் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அந்நாளில் அமெரிக்க இளைஞர் நடுவே, செவிக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலித்த இரண்டு இசைகள் இருந்தன. ஒன்று ஹெவி மெட்டல்; மற்றொன்று ஹார்ட்கோர் பங்க். வெளியிலிருந்து கேட்பவனுக்கு இரண்டும் இடிமுழக்கமே. உள்ளே இருந்தவர்களுக்கோ, சைவ வைணவச் சண்டை நடந்த காலத்தில் நெற்றிக்குறி எவ்வளவு பெரிய வேறுபாடாக இருந்ததோ, அவ்வளவு பெரிய வேறுபாடு இது. மெட்டல் ரசிகன் தலைமயிரை நீள வளர்ப்பான். பங்க் ரசிகன் ஒட்ட வெட்டிக்கொள்வான். மெட்டல் கலைஞன் கை வன்மையைப் போற்றுபவன். கிதாரில் நீண்ட தனி ஆவர்த்தனம் வாசிப்பதைப் பெருமையாகக் கொள்பவன். பேயும் போரும் பாழும் அவன் பாடுபொருள். பெரிய அரங்கும் பெரிய மேடையும் அவன் கனவு. பங்க் இசையோ 1976, 1977-ஆம் ஆண்டுகளில் அந்தப் பெருமைகளையெல்லாம் எதிர்த்தே கிளம்பியது. மூன்று சுரக்கூட்டு தெரிந்தால் போதும், குழு தொடங்கலாம் என்பது அதன் துணிபு. அந்தப் பங்க் இசை அமெரிக்காவில் 1980-ஐ ஒட்டி மேலும் விரைந்து, மேலும் சுருங்கி, மேலும் சினந்து ஹார்ட்கோர் ஆயிற்று. பாடுபவனுக்கும் கேட்பவனுக்கும் நடுவே மேடை உயரமாக இருக்கலாகாது என்பது அவர்களுக்கு ஒரு கொள்கையாகவே இருந்தது. தட்டுகளைத் தாமே பதித்துத் தாமே விற்றார்கள். சிறிய கூடங்களில் பாடினார்கள். ஒரு கூட்டத்தான் மற்றொரு கூட்டத்தானின் நிகழ்ச்சிக்குத் தவறிப் போய்விட்டால் அடிபட்டுத் திரும்புவது அரிதன்று.

டி.ஆர்.ஐ. குழுவினர் ஹார்ட்கோர்க் கூட்டத்தில் பிறந்தவர்கள். அவர்களுடைய முதல் வெளியீட்டைப் பற்றி நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொண்டால்தான் பிற்காலத்துச் சினம் விளங்கும்.

ஏழு அங்குல விட்டமுள்ள சிறிய தட்டு. இத்தகைய தட்டில் பக்கத்துக்கு ஒரு பாட்டு வைப்பதுதான் வழக்கம், மிஞ்சினால் இரண்டு. இவர்கள் வைத்தவை 22 பாட்டுகள்! அத்தனையும் சேர்ந்து 20 நிமிடத்துக்கும் குறைவு. ஒரு பாட்டுக்குச் சராசரியாக ஒரு நிமிடங்கூட இல்லை. அந்நாளைய குடியரசுத் தலைவர் ரீகனின் பொருளாதாரக் கொள்கையைத் தாக்கும் 'ரீகனாமிக்ஸ்' என்ற பாட்டு, அது எதைப் பற்றியது என்று நாம் உணருமுன் முடிந்துவிடும். சுருங்கச் சொல்லுதலில் திருக்குறளைக் கற்ற நமக்கு இதில் வியப்பில்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் குறளின் சுருக்கம் செதுக்கிய சுருக்கம், இவர்களுடையது மூச்சு வாங்கும் சுருக்கம். மூச்சு வாங்க ஓடி வந்து ஒருவன் நெருப்புப் பிடித்த செய்தியைச் சொன்னால், அவனிடம் நாம் இலக்கணம் எதிர்பார்ப்போமா?

அறிவியல் பயிலும் மாணவர்களுக்கு இங்கே ஒரு செய்தி உண்டு. இசைத்தட்டில் ஒலி என்பது வளைந்து செல்லும் ஒரு பள்ளம். ஒலி வலிமையாக இருக்க வேண்டுமானால் அந்தப் பள்ளம் இருபுறமும் அகன்று அசைய வேண்டும். அசைவதற்கு இடம் வேண்டும். சிறு தட்டில் 22 பாட்டுகளைத் திணித்தால் பள்ளங்கள் நெருங்கிவிடுகின்றன, அசைவு குறைகிறது, ஒலி மெலிகிறது. உலகிலேயே உரக்கப் பாட விரும்பிய குழுவின் முதல் தட்டு இப்படி மெலிந்து ஒலித்தது. ஆகவே அதே பாட்டுகளை 1983-இல் பன்னிரண்டு அங்குலப் பெரிய தட்டில் மறுபடியும் வெளியிட நேர்ந்தது. முதலில் பதித்தவை 1000 படிகள்தாம். இன்று அவற்றைத் தேடுவோர் பெரும்பொருள் கொடுக்கிறார்கள். பெரிய தட்டே கேட்பதற்கு நன்றாயிருக்கிறது என்பது வேறு செய்தி.

அதே 1983-இல் குழுவினர் ஹூஸ்டனை விட்டு ஸான் பிரான்ஸிஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தனர். குடிபெயர்ந்தனர் என்று சொன்னால் வீடு பிடித்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தங்கள் வண்டியிலேயே உறங்கினார்கள்; ஏழைகளுக்கு இலவசமாகக் கஞ்சி வார்க்கும் சாலைகளில் உண்டார்கள். இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள். அந்த ஆண்டு ரீகனை எதிர்த்து ஊர் ஊராக நடந்த இசைப் பயணத்திலும் சேர்ந்துகொண்டார்கள். 1985-இல் 'டீலிங் வித் இட்' என்ற தட்டு வந்தது; அதில் 25 பாட்டுகள். அதற்குள் எரிக் பிரெக்ட் விலகி, ஃபெலிக்ஸ் கிரிஃபின் என்பவர் டிரம்முக்கு வந்திருந்தார். பாடகர் கர்ட் பிரெக்டும் கிதார் வாசித்த ஸ்பைக் காஸிடியும்தான் தொடக்கமுதல் நிலைத்து நின்ற இருவர்.

இவர்கள் வந்து சேர்ந்த வட்டாரம் எப்படிப்பட்டது? ஸான் பிரான்ஸிஸ்கோ வளைகுடாவைச் சுற்றிய அந்தப் பகுதியில்தான் மெட்டல் இசையும் அப்போது புது விரைவு கொண்டிருந்தது. மெட்டாலிக்கா குழுவின் முதல் தொகுப்பு 1983-இல் வெளிவந்தது. திராஷ் என்று பெயர் பெற்ற அந்தப் புது மெட்டல், தன் விரைவைப் பெரும்பாலும் எதிரியிடமிருந்தே கற்றது. இங்கிலாந்தில் ஸ்டோக் நகரத்து டிஸ்சார்ஜ் போன்ற பங்க் குழுக்களின் தட்டுகளை அதன் கலைஞர்கள் தேடித்தேடிக் கேட்டார்கள். பெர்க்லியில் 'ரூதீஸ் இன்' என்ற ஒரு கூடத்தில் இரு கூட்டத்துக் குழுக்களும் மாறி மாறி மேடையேறின. வாசலில் முறைத்துக்கொண்டவர்கள் உள்ளே ஒரே கூரையின்கீழ் நின்றார்கள். காதுக்குச் சாதி தெரியாதன்றோ?

இனி அந்த 1987-ஆம் ஆண்டுத் தட்டுக்கு வருவோம். பாட்டுகள் 12. மொத்தம் 40 நிமிடத்துக்குள் அடங்கும். 22 எங்கே, 12 எங்கே! ஒரு நிமிடமாக இருந்த பாட்டு மூன்று நிமிடமாக வளர்ந்திருக்கிறது. முதற் பாட்டின் பெயரைக் கேட்டால் நம் மாணவர்கள் சிரிப்பார்கள்: 'ஐந்தாண்டுத் திட்டம்'. 1951 முதல் 2017 வரை பன்னிரண்டு ஐந்தாண்டுத் திட்டங்களைக் கண்ட நாட்டில் பிறந்த நான், இதில் அணைக்கட்டும் உருக்காலையும் வரும்போலும் என்று ஒரு கணம் எண்ணிவிட்டேன். 1982-இல் தோன்றிய குழுவுக்கு 1987-இல் ஐந்தாண்டு நிறைந்தது என்ற கணக்கு எனக்குப் பிறகுதான் புரிந்தது.

என்ன மாறியது என்பதை இசை நோக்கில் இரண்டொரு சொல்லில் கூறுகிறேன். பழைய ஹார்ட்கோரில் கிதார்க் கம்பிகள் திறந்தபடி முழங்கும்; எல்லாம் ஒரே வெள்ளம். மெட்டல் முறையில், வலக்கையின் ஓரத்தைக் கம்பிகளைத் தாங்கும் குதிரைக்கு அருகே மெல்லப் பதித்துக்கொண்டு மீட்டுவார்கள். அப்போது ஒலி நீளாமல் கட்டுண்டு, உலக்கை விழுவதுபோலத் தனித்தனியாக விழும். 'கிராஸோவர்' தட்டில் ஸ்பைக் காஸிடியின் வலக்கை இந்த வித்தையை நன்கு கற்றுவிட்டது. அதைவிடப் பெரிய மாற்றம் காலத்தில் நேர்ந்தது. நம் கச்சேரி மரபில் ஒரு கீர்த்தனையை எடுத்த காலப்பிரமாணம் முடியுமட்டும் நிற்க வேண்டும். ஓடினால் பிழை, இழுத்தால் பிழை. இங்கேயோ ஒரே பாட்டுக்குள் விரைந்து செல்லும் தாளம் திடீரென்று பாதியாகத் தாழ்கிறது, கனத்து நடக்கிறது, பிறகு சொல்லாமல் கொள்ளாமல் மீண்டும் பாய்கிறது. முதலில் எனக்கு இது தாளம் தெரியாமை என்று பட்டது. நான்காம் முறை கேட்டபோதுதான் நால்வரும் ஒரே நொடியில் திரும்புவதைக் கவனித்தேன். ஒருவர் அரை நொடி பிந்தினால் அந்த வாசிப்புக் குப்புற விழுந்துவிடும். எத்தனை நாள் பழகினால் இது வரும்! அன்று 'நிறுத்து' என்று சொன்னதற்காக என் மருமகனிடம் நான் வருத்தம் தெரிவித்தது இந்த இடத்தில்தான்.

பாடுபொருளும் மாறியிருக்கிறது. பழைய தட்டின் தலைப்புகளைப் பாருங்கள்: ரீகனின் பொருளாதாரம், கட்டாயப் படைச் சேர்ப்பு, போர்க் குற்றம், பணம் நாறுகிறது. எல்லாம் வெளியே விரல் நீட்டுபவை. புதிய தட்டின் தலைப்புகளுள் பல, முடிவுகள், பிடிபட்டமை, ஒரு சவப்பெட்டி, மறதியின் பாழ் என்று உள்நோக்கித் திரும்புகின்றன. இருபதில் உலகத்தோடு சண்டையிட்டவன் இருபத்தைந்தில் தன்னோடு சண்டையிடத் தொடங்குகிறான் போலும். அந்தச் சண்டைக்கு ஒரு நிமிடம் போதாது. பாட்டு நீண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஆனால் பங்க் கூட்டத்தில் பலர் அவ்வாறு கருதவில்லை. 'இவர்கள் தலைமயிர் வளர்ந்துவிட்டது. தனி ஆவர்த்தனம் வாசிக்கிறார்கள். மெட்டல் நிறுவனத்தின் பெயர் தட்டின்மேல் இருக்கிறது. காசுக்காகக் கட்சி மாறிவிட்டார்கள்' என்பது அவர்கள் குற்றச்சாட்டு. இந்தத் தட்டை வெளியிடுவதில் 'மெட்டல் பிளேட்' நிறுவனம் பங்கு கொண்டது உண்மை. போதாக்குறைக்கு, ஒளித்து மறைத்துச் செய்யாமல், 'கடந்து செல்லுதல்' என்று தட்டுக்கே பெயர் சூட்டிவிட்டார்கள்! தந்தையின் வசையைப் பெயராக்கியவர்கள் கூட்டத்தின் வசையையும் முன்கூட்டியே பெயராக்கிக்கொண்டார்கள் என்று எனக்குப் படுகிறது. அவர்களுடைய பழைய சின்னமான, கைகால் வீசி ஆடும் மனிதனின் உருவம் இந்தத் தட்டின் உறையிலும் இருக்கிறது. ஆளை மாற்றவில்லை.

குற்றச்சாட்டில் உண்மையே இல்லையா? இருக்கிறது. முதல் தட்டில் ஒரு நெருப்பு இருந்தது. பாடத் தெரியாதவனும் பாடலாம் என்ற உரிமை அதில் இருந்தது. அதைக் கேட்ட ஒரு சிறுவன் 'நாளைக்கே நானும் ஒரு குழு தொடங்குவேன்' என்று எழுந்திருப்பான். 'கிராஸோவர்' கேட்ட சிறுவனோ 'இரண்டாண்டு பழகிவிட்டுத் தொடங்குவேன்' என்றே சொல்வான். இது சிறிய இழப்பன்று. தட்டின் நடுவிலுள்ள இரண்டு மூன்று பாட்டுகள் ஒன்றை ஒன்று ஒத்திருப்பதும், ஒலிப்பதிவு சற்று வறண்டிருப்பதும் என் செவிக்குக் குறைகளாகவே படுகின்றன. ஆயினும் துரோகம் என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். கஞ்சிச்சாலையில் உண்டு வண்டியில் உறங்கிய ஐந்தாண்டுக் காலம் நாள்தோறும் வாசித்தவன் கை, தானாகவே தேர்ச்சி பெறும். தேர்ந்த கையைத் தேராததுபோல் காட்டி வாசிப்பது பொய் அன்றோ?

இவர்கள் மட்டுமே இந்தப் பாலத்தைக் கட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் வெனிஸ் என்ற கடற்கரைப் பகுதியிலிருந்து வந்த சூயிசைடல் டெண்டென்ஸீஸ் குழுவின் முதல் தொகுப்பு 1983-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. வட கரோலினாவில் கரோஷன் ஆஃப் கன்ஃபார்மிட்டி குழுவினர் 1985-இல் இதே வழியில் நடந்தனர். நியூ யார்க்கில் கிரோ-மேக்ஸ் என்றொரு குழு. அவர்களுடைய 1986-ஆம் ஆண்டுத் தொகுப்பின் பெயர் 'சச்சரவின் யுகம்'. நமக்கு உடனே விளங்கும், அது கலியுகம் என்பதன் பெயர்ப்பு. அக்குழுவில் கிருஷ்ண பக்தி இயக்கத்தில் ஈடுபட்டவர்கள் இருந்தார்கள். அணுகுண்டுப் புகை எழும் படத்தை உறையில் போட்டுக் கலியுகம் என்று தலைப்பிட்ட அமெரிக்கப் பிள்ளைகளை நம் பாட்டிமார் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ! அதே நியூ யார்க்கிலிருந்து, மெட்டல் குழுவான ஆந்த்ராக்ஸின் கலைஞர் இருவர் சேர்ந்து அமைத்த எஸ்.ஓ.டி. என்ற குழு 1985-இல் ஒரு தட்டு வெளியிட்டது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால், 'ஆங்கிலம் பேசு, இன்றேல் செத்துப்போ'. வேடிக்கைக்காக வைத்த பெயர் என்று வைத்தவர்கள் சொன்னார்கள். இசை வன்மையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் தாய்மொழியைத் தவிர வேறொன்றும் அறியாமல் வேற்றூரில் பிழைக்கச் சென்றவன் காதில் அந்த வேடிக்கை எப்படி விழும்? பாலம் கட்டுகிறவர்கள் எல்லாரும் எல்லாருக்கும் கட்டுவதில்லை.

இத்தனை பேர் இருந்தும், அந்த இசைவகைக்குப் பெயராக நிலைத்தது டி.ஆர்.ஐ. தட்டின் பெயரே. பேச்சில் ஆங்காங்கே வழங்கிய சொல்லை அவர்கள் தட்டின் முகப்பில் பொறித்தார்கள்; அது 'கிராஸோவர் திராஷ்' என்று ஒரு வகையின் பெயராகவே ஊன்றிவிட்டது. அதன்பின் 1988, 1989, 1992, 1995 ஆகிய ஆண்டுகளில் குழுவின் முழுத் தொகுப்புகள் வந்தன. 2006-இல் ஸ்பைக் காஸிடிக்குப் புற்றுநோய் கண்டது. தேறி வந்து மறுபடியும் கிதாரை எடுத்தார். 2016-இல் ஒரு சிறு தட்டும் வெளிவந்தது. இதற்கிடையே, 1996-இல், மெட்டல் உலகின் மிகக் கொடிய குழு என்று பெயரெடுத்த ஸ்லேயர், பெரும்பாலும் பங்க் பாட்டுகளையே தாங்கள் வாசித்து ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதில் டி.ஆர்.ஐ. குழுவின் பழைய பாட்டு ஒன்றும் இடம் பெற்றிருக்கிறது. பங்க் கரையிலிருந்து போனவர்களை ஏசினார்களே, மெட்டல் கரையிலிருந்து இப்படி வந்தவர்களை யார் ஏசினார்கள்? பின் வந்த தலைமுறைக்கோ இந்தச் சண்டையே ஒரு பழங்கதை. வர்ஜீனியாவின் முனிசிபல் வேஸ்ட் குழுவினரும், டி.ஆர்.ஐ. பிறந்த அதே டெக்ஸாஸில் டல்லஸ் நகரத்துப் பவர் டிரிப் குழுவினரும் இரு கரையையும் ஒரே ஊராகப் பாவித்துப் பாடியவர்கள். பவர் டிரிப்பின் 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பை, அதன் பாடகர் ரைலி கேல் 2020-இல் இளம் வயதில் மறைந்த செய்தியை அறிந்த பிறகு நான் கேட்டேன். அதைப் பற்றி மற்றொரு நாள் பேச வேண்டும்.

என் மருமகனுக்கு நான் சொன்ன விடை இவ்வளவுதான்: அவர்கள் ஏசியதாலேயே இது இரைச்சல் அன்று என்பது தெரிகிறது. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் தட்டே உயர்ந்தது, இரண்டாவதில் அவர்கள் கொஞ்சம் பயந்துவிட்டார்கள் என்கிறான். எங்கள் வழக்கு இன்னும் தீரவில்லை. உங்களில் யாரேனும் தீர்ப்புச் சொல்ல விரும்பினால், முதலில் அந்த 22 பாட்டுகளையும், உடனே 'கிராஸோவர்' தட்டையும் கேளுங்கள். ஒலியைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். வீட்டில் தந்தையார் இருப்பார். முதல் தட்டுக்கு அதிக நேரம் ஆகாது. நான் பேசத் தொடங்கியபோது அதைச் சுழலவிட்டிருந்தால் இந்நேரம் 22 பாட்டுகளும் முடிந்திருக்கும்.